மாடி ரேடியேட்டர் சூடாகவில்லையா? பம்ப்பை மாற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

கேள்வி இதுதான். ஊட்டி ஃபெர்ன்ஹில் பக்கம் மாடி வீடு. சமையலறைக்குப் பின்னால் எல்பிஜி பாய்லர், அதை ஒட்டி மூன்று வேகம் வைத்த பம்ப், மேலே மச்சில் ஒரு சின்ன டேங்க். கீழே நான்கு, மாடியில் மூன்று என ஏழு ரேடியேட்டர். கீழே ஹாலில் கை வைக்க முடியாத சூடு. மாடியில் ஒன்று மேல்பாதி மட்டும் சில்லென்று இருக்கிறது, கடைசி இரண்டு அறைகளில் சூடே இல்லை. பம்ப் முனகுகிறது, தொட்டால் சுடுகிறது. வந்து பார்த்த பிளம்பர், "மேலே ஏத்துற அளவுக்கு பம்ப்புக்கு சக்தி பத்தல, அரை ஹெச்பி போட்டுடலாம்" என்கிறார். அப்பா அம்மா மாடியில் படுக்கிறார்கள், உறைபனி தொடங்குவதற்குள் சரி செய்தாக வேண்டும், என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

அரை ஹெச்பி பம்ப் வேண்டாம். காசு வீணாவதோடு போகாது, இருக்கிற சிக்கலும் பெரிதாகும். வேலை முடிகிற வரைக்கும் பெரியவர்களைக் கீழே ஹாலை ஒட்டிய அறைக்கு மாற்றிவிடுங்கள். மற்றதை நிதானமாகப் பார்க்கலாம்.

நம் ஊரில் பம்ப் என்றாலே சம்ப்பிலிருந்து மொட்டைமாடி டேங்குக்குத் தண்ணீர் ஏற்றுவதுதான் நினைவுக்கு வரும். அங்கே உயரம் கூடினால் பெரிய பம்ப் வேண்டும், சரி. ரேடியேட்டர் சுற்று அப்படி இல்லை. பைப் முழுக்க ஏற்கெனவே தண்ணீர் நிரம்பியிருக்கிறது. ஒரு பக்கம் ஏறுகிற தண்ணீரின் எடையை, மறுபக்கம் இறங்குகிற தண்ணீரின் எடை ஈடுகட்டிவிடும். அதனால் மாடி எத்தனை அடி உயரம் என்ற கணக்கே இங்கே வராது. பைப்பிலும் வால்விலும் இருக்கிற உராய்வைத் தாண்டித் தண்ணீரை நகர்த்தினால் போதும். வீட்டுக்கான பம்ப் 50 முதல் 100 வாட்டுக்குள் அடங்கிவிடுவதற்குக் காரணம் இதுதான். 1500 வாட் ரேடியேட்டர் ஒன்றுக்குள் 65 டிகிரியில் போகிற தண்ணீர் 50 டிகிரியில் வெளியே வருகிறது என்று வைத்துக்கொண்டால், அதற்குத் தேவை நிமிடத்துக்குச் சுமார் ஒன்றரை லிட்டர். உங்கள் ஏழு ரேடியேட்டருக்கும் சேர்த்து நிமிடத்துக்குப் பத்து லிட்டர் வாக்கில் வரும். குளியலறைக் குழாயை நன்றாகத் திறந்துவிட்டால் வருகிற தண்ணீர்தான் அது.

கோத்தகிரி பக்கம் ஒரு பங்களாவில் இதே யோசனையோடு மோனோபிளாக் பம்ப் மாட்டியிருந்ததைப் பார்த்திருக்கிறேன். பம்ப் ஓடினால் வீடு முழுக்கத் தண்ணீர் சலசலக்கும். மச்சு டேங்கின் மேல் வளைந்து நிற்கிற வென்ட் பைப் வழியாகச் சுடுதண்ணீர் டேங்குக்குள் கொட்டிக்கொண்டே இருந்தது. கொட்டுகிற தண்ணீர் காற்றைக் கலந்துகொண்டு திரும்பவும் சுற்றுக்குள் இறங்கும். அந்தக் காற்றில் இருக்கிற ஆக்சிஜன் ரேடியேட்டரை உள்ளிருந்து அரிக்கும். சாதாரணத் தண்ணீருக்காகச் செய்த சீலும் அந்தச் சூட்டில் தாங்காமல் ஒழுக ஆரம்பித்திருந்தது. இவ்வளவுக்கும் கடைசி அறை சூடாகவே இல்லை.

இப்போது உங்கள் வீட்டுக்கு வருவோம். நீங்கள் சொன்னதிலேயே பெரிய துப்பு ஒன்று இருக்கிறது. சூடான தண்ணீர் லேசானது, தானாகவே மேலே ஏறும். பம்ப் அடியோடு நின்றுபோன வீட்டில் மாடி ரேடியேட்டரில் ஓரளவு வெதுவெதுப்பு இருக்கும், கீழே ஆறிக் கிடக்கும். உங்கள் வீட்டில் நேர்மாறாக இருக்கிறது. கீழே கொதிக்கிறது, மாடி ஆறிக் கிடக்கிறது. இப்படி இருந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது பம்ப்பை அல்ல, தண்ணீர் மட்டத்தை. சுற்றில் தண்ணீர் குறைந்தால் முதலில் காலியாவது உயரத்தில் இருப்பவைதான். மேல்பாதி மட்டும் சில்லென்று இருக்கிற அந்த ஒரு ரேடியேட்டரும் இதற்குப் பொருந்திப் போகிறது.

ஆகவே டார்ச்சை எடுத்துக்கொண்டு மச்சில் ஏறுங்கள். சுற்றுக்குத் தண்ணீர் ஊட்டுகிற அந்தச் சின்ன டேங்கில் தண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள். நெடுநாள் பூட்டிக் கிடந்த வீடுகளில் மிதவை வால்வு மேலேயே ஒட்டிக்கொண்டுவிடும். டேங்க் மெல்ல வற்றிப்போனாலும் கீழே யாருக்கும் தெரியாது. மிதவையைக் கையால் அமுக்கிப் பாருங்கள், தண்ணீர் பீய்ச்சி வர வேண்டும். வராவிட்டால் அதைக் கழற்றித் துடைத்தாலே பாதி வீடுகளில் வேலை முடிந்துவிடும். தண்ணீர் சரியான அளவு இருந்தால், கையை உள்ளே விட்டுத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் வென்ட் பைப் கொட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பம்ப் வேகத்தை ஒரு படி குறையுங்கள். டேங்கிலிருந்து இறங்குகிற பைப் சுற்றோடு சேருகிற இடத்தில் கறுப்புச் சேறு அடைத்துக்கொள்வதும் உண்டு. அப்போது டேங்க் நிறைந்திருக்கும், ஆனால் ஒரு சொட்டுக்கூட கீழே இறங்காது.

டேங்க் சரியானதும் காற்று எடுக்க வேண்டும். பாய்லரையும் பம்ப்பையும் நிறுத்திவிட்டு, ரேடியேட்டர் தொடுகிற சூட்டுக்கு வரும் வரை காத்திருங்கள். பம்ப் ஓடும்போது திறந்தால் சில இடங்களில் காற்று வெளியே வருவதற்குப் பதில் உள்ளே இழுக்கும். ரேடியேட்டரின் மேல் மூலையில் சதுரத் தலை வைத்த சின்னத் திருகு இருக்கும், அதற்கென்றே ஒரு சாவி. பழைய துணி ஒன்றைக் கீழே பிடித்துக்கொண்டு கால் சுற்று, அதிகம் போனால் அரைச் சுற்று, அதற்கு மேல் வேண்டாம். புஸ்ஸென்று காற்று வரும். அப்புறம் எச்சில் துப்புவதுபோலத் தண்ணீரும் காற்றும் மாறி மாறி வரும். கடைசியில் மெல்லிய தாரையாகத் தண்ணீர் மட்டும் வரும்போது மூடிவிடுங்கள். கீழே முடித்துக்கொண்டு மாடிக்குப் போவது நல்லது. ஒரு திருகைத் திறந்ததும் சத்தம் வெளியே வராமல் உள்ளே உறிஞ்சினால் உடனே மூடுங்கள். அந்த உயரத்தில் தண்ணீரே இல்லை, மறுபடியும் டேங்கைத்தான் பார்க்க வேண்டும். சிகரெட் லைட்டரையோ மெழுகுவத்தியையோ அருகில் கொண்டுபோகாதீர்கள். உள்ளே துரு பிடித்தால் ஹைட்ரஜன் உண்டாகும், அது எரியும் வாயு. வாரா வாரம் காற்று எடுக்க வேண்டியிருக்கிறது என்றால் அதை வெறும் காற்று என்று விட்டுவிடாதீர்கள். எங்கோ காற்றை இழுக்கிறது, அல்லது இரும்பு அரிபடுகிறது.

உங்கள் வீட்டில் டேங்க் இருப்பதால் இதையெல்லாம் சொல்கிறேன். சில புது வில்லாக்களில் டேங்க் இருக்காது. மூடிய சுற்றும் அழுத்தம் காட்டுகிற ஒரு மீட்டரும் இருக்கும். அங்கே ஆறிய நிலையில் 1 முதல் 1.5 பார் இருந்தால் போதும். ஒவ்வொரு தடவை காற்று எடுத்த பிறகும் அழுத்தம் இறங்கும், நிரப்பிக்கொள்ள வேண்டும்.

மலைக்கே உரிய விஷயம் ஒன்று இருக்கிறது. இதைக் கீழ்நாட்டிலிருந்து வந்து மாட்டுகிறவர்கள் யோசிப்பதில்லை. ஊட்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2240 மீட்டர். இங்கே காற்றின் அழுத்தம் கடற்கரையைவிடக் கிட்டத்தட்ட கால் பங்கு குறைவு. அதனால் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது, 92 அல்லது 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொடைக்கானலிலும் ஏறக்குறைய இதே நிலைதான், குன்னூரில் ஒரு டிகிரி சேர்த்துக்கொள்ளலாம். பருப்பு வேக நேரமாகிறது என்பது நமக்குத் தெரியும், ஆனால் பாய்லரை 82 டிகிரியில் வைக்கும்போது அது ஞாபகத்துக்கு வராது. ஐரோப்பாவில் எழுதிய கையேட்டில் 82 என்று போட்டிருந்தால், சமவெளியில் அதற்கும் கொதிநிலைக்கும் 18 டிகிரி இடைவெளி. திறந்த டேங்க் வைத்த ஊட்டி வீட்டில் அது பத்தே டிகிரி. பாய்லருக்குள் உலோகச் சுவரை ஒட்டிய தண்ணீர் ஆங்காங்கே கொதித்துக் குமிழி விடும். அந்தக் குமிழியும் தண்ணீரில் கரைந்திருந்த காற்றும் சேர்ந்து பம்ப்பின் உறிஞ்சும் பக்கம் போய்ச் சேரும். பம்ப் கூழாங்கல்லை அரைப்பதுபோலச் சத்தம் போடும், தண்ணீரை நகர்த்தாது. உங்கள் பம்ப் இப்படிக் கரகரவென்று சத்தம் போட்டால் பாய்லரை 65 அல்லது 70க்கு இறக்கிவிட்டு மறுநாள் கேட்டுப் பாருங்கள்.

65க்கு இறக்கினால் அறை சூடாகாதே என்று பயப்பட வேண்டாம். ரேடியேட்டரில் போட்டிருக்கிற வாட் கணக்கு 75 டிகிரியில் தண்ணீர் போய் 65ல் திரும்பி வர, அறை 20 டிகிரியில் இருக்கும்போது எடுத்தது. பாய்லரைப் பத்து டிகிரி குறைத்தால் ரேடியேட்டர் தருகிற சூட்டில் கிட்டத்தட்ட கால் பங்கு குறையும். நம் குளிர் விடியற்காலையில் பூஜ்ஜியத்தை எட்டினாலும் பத்து மணி வெயிலில் ஏறிவிடுகிற குளிர். சரியாக அளந்து ரேடியேட்டர் மாட்டிய வீட்டுக்கு இது தாராளம். மூடிய சுற்று வைத்தவர்களுக்கு இந்தக் கொதிநிலைக் கவலை இல்லை, அங்கே அழுத்தம் கூடுதலாக இருப்பதால் கொதிநிலையும் மேலே போய்விடும்.

பாய்லர் பற்றியும் ஒரு வார்த்தை. காற்று அடர்த்தி குறைவு என்பதால் சமவெளிக்காக அமைத்த பர்னர் இங்கே முழுசாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு விடலாம். தீ நீலமாக இல்லாமல் மஞ்சளாக ஆடினால், பாய்லர் அறையின் காற்றுவழியை யாராவது குளிருக்குப் பயந்து அடைத்திருந்தால், ரேடியேட்டரை மறந்துவிட்டு முதலில் பாய்லரை நிறுத்துங்கள். கரி அடுப்பை மூட்டிவைத்துக் கதவைச் சாத்திப் படுத்தவர்கள் எழுந்திருக்காத செய்தி நம் மலையில் குளிர்காலத்தில் வருவதுதான், இதுவும் அதே வாயு. இந்த வேலையை நீங்களே செய்யக் கூடாது. எல்பிஜி பர்னர் தெரிந்த மெக்கானிக்கை வைத்துத்தான் சரிசெய்ய வேண்டும்.

டேங்க், காற்று, பாய்லர் சூடு மூன்றும் சரியான பிறகும் சமமாகச் சூடாகவில்லையா? பாய்லர் ஆறியிருக்கும்போது போட்டுவிட்டு, அரை மணி நேரம் கழித்து ஒவ்வொரு ரேடியேட்டராகக் கையால் தொட்டுக்கொண்டே போங்கள். உள்ளே வருகிற பைப், வெளியே போகிற பைப், மேல் விளிம்பு, அடிப்பகுதியின் நடு, இந்த நாலு இடமும் போதும். மேலே சில், கீழே சூடு என்றால் காற்று. மேலே சூடு, அடி நடுவில் மட்டும் சில் என்றால் சேறு படிந்திருக்கிறது. வால்வு வரைக்கும் பைப் சுட்டு, அதைத் தாண்டி ஒன்றுமே இல்லையென்றால் வால்வு மூடியிருக்கிறது. தானாகத் திறந்து மூடுகிற தெர்மோஸ்டாட் தலை வைத்த வால்வு என்றால் அந்தத் தலையைக் கழற்றுங்கள். உள்ளே ஓர் ஊசி எட்டிப் பார்க்கும். விரலாலோ ஸ்பேனரின் பின்பக்கத்தாலோ அமுக்கினால் உள்ளே போய், விட்டதும் துள்ளி வெளியே வர வேண்டும். வரவில்லையென்றால் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு மெதுவாக அமுக்கி அமுக்கி விடுங்கள். கொறடு போட்டு இழுத்தால் ஊசி கையோடு வந்துவிடும், அறை முழுக்கத் தண்ணீர். இரண்டு பைப்பும் ஒரே அளவு சுட்டால், அதுதான் உங்கள் ஹால் ரேடியேட்டர் என்று நினைக்கிறேன், அது மற்றவற்றின் பங்கையும் சேர்த்து எடுத்துக்கொண்டிருக்கிறது.

அந்தப் பங்கு விஷயத்துக்கு வருவதற்கு முன் பம்ப்பை முடித்துவிடுகிறேன். அது முனகுகிறது, சுடுகிறது என்றீர்கள். வழியாகப் போவது 65 டிகிரித் தண்ணீர் என்பதால் சுடுவது இயல்பு. சுழல்கிறதா என்பதுதான் கேள்வி. நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியைப் பம்ப் உடம்பில் வைத்துக் கைப்பிடியில் காதை வையுங்கள். சுழன்றால் சீரான ஓட்டச் சத்தம் கேட்கும். சிக்கியிருந்தால் டிரான்ஸ்ஃபார்மர் போல வெறும் ஹம் மட்டும் வரும். இந்த வகைப் பம்ப்பில் சுழலும் பாகம் சுற்றுத் தண்ணீரிலேயே மூழ்கியிருக்கும், அந்தத் தண்ணீர்தான் அதற்கு எண்ணெய். மாதக்கணக்கில் நின்றால் தண்ணீரிலிருக்கிற துரு படிந்து அச்சு பிடித்துக்கொள்ளும்.

எம்சிபியை இறக்கிவிடுங்கள். ஸ்விட்சை மட்டும் நம்ப வேண்டாம். பம்ப் முகப்பின் நடுவில் அகலப் பிளவுள்ள பித்தளைத் திருகு இருக்கும். கீழே ஒரு கிண்ணம் வைத்து, துணியைச் சுற்றிக்கொண்டு கழற்றுங்கள். கொஞ்சம் சுடுதண்ணீர் வழியும், அதனால் ஆறிய பிறகு செய்வது நல்லது. உள்ளே அச்சின் முனையில் சின்னப் பிளவு தெரியும். சன்னமான ஸ்க்ரூ டிரைவரை அதில் பொருத்தி இப்படியும் அப்படியும் திருப்புங்கள். முதலில் இறுக்கமாக நிற்கும், ஒரு கட்டத்தில் பட்டென்று விட்டுக்கொடுத்து விரலுக்கே சுழலும். திருகை மூடிவிட்டு மின்சாரம் கொடுங்கள். ஓடினால் பம்ப் நல்ல பம்ப்தான். கையால் தள்ளிவிட்டால் ஓடுகிறது, தானாகக் கிளம்பவில்லை என்றால் கெப்பாசிட்டர் போயிருக்கிறது. மின்விசிறியில் இருப்பது மாதிரி சின்னச் சாமான், விலையும் குறைவுதான். பழையதில் எழுதியிருக்கிற மைக்ரோஃபாரட் எண்ணையே பார்த்து வாங்க வேண்டும்.

ஆனால் கெப்பாசிட்டரைக் குறை சொல்வதற்கு முன் சாயங்காலம் ஏழு மணிக்கு வோல்டேஜ் எவ்வளவு என்று மீட்டர் வைத்துப் பாருங்கள். குளிர் நாளில் எல்லா வீட்டிலும் ரூம் ஹீட்டரும் கீசரும் ஒரே நேரத்தில் ஓடும்போது, லைன் கடைசியில் இருக்கிற வீட்டில் 230 வர வேண்டிய இடத்தில் 180 வருவது புதிதல்ல. மோட்டாரின் கிளம்பும் பலம் வோல்டேஜின் வர்க்கத்தோடு குறையும். 180ல் அது ஏறக்குறைய அறுபது சதவீதம்தான். காலையில் நன்றாக ஓடி, இரவில் மட்டும் முனகி நிற்கிற பம்ப்புக்கு வைத்தியம் ஒரு சின்ன ஸ்டெபிலைசர். உங்கள் வீட்டில் முனகல் எந்த நேரத்தில் என்று அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள்.

பம்ப்பின் இரண்டு பக்கமும் இருக்கிற வால்வுகள் முழுக்கத் திறந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். சர்வீஸ் செய்தவர்கள் ஒன்றைப் பாதி மூடிவைத்துவிட்டுப் போயிருப்பார்கள். பம்ப்புக்கு முன்னால் ஒய் வடிவ ஸ்ட்ரெய்னர் இருந்தால் அதன் மூடியைக் கழற்றி உள்ளிருக்கிற சல்லடையைக் கழுவுங்கள். அது அடைத்திருந்தால் எந்தப் பம்ப் வந்தாலும் இதே கதைதான்.

இப்போது பங்கு. காவிரி வாய்க்காலைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். தலைமடையில் மடையை முழுக்கத் திறந்துவைத்தால், அணையில் எவ்வளவு திறந்துவிட்டாலும் கடைமடை காயும். தண்ணீர் சுலபமான வழியில்தான் போகும். பாய்லருக்குப் பக்கத்திலிருக்கிற ஹால் ரேடியேட்டர் உங்கள் வீட்டின் தலைமடை, மாடிக் கோடி அறைகள் கடைமடை. பம்ப் வேகத்தைக் கூட்டினால் ஹாலுக்கும் சேர்ந்துதான் கூடும். அதோடு, தண்ணீரை இரண்டு மடங்கு ஓட வைக்க நாலு மடங்கு அழுத்தம் வேண்டும். ஆகவே வேகத்தை நடுவில் வைத்துவிட்டு ஹால் ரேடியேட்டரைக் குறுக்குங்கள். அங்கே தண்ணீரைப் பாதியாக்கினாலும் சூடு பாதியாகாது, கொஞ்சம்தான் குறையும். கைக்குத் தெரியாத அந்தக் குறைவில் மாடிக்கு வேண்டிய தண்ணீர் கிடைத்துவிடும்.

ஒவ்வொரு ரேடியேட்டருக்கும் இரண்டு வால்வு உண்டு. ஒன்று நாம் கையால் திருப்புவது. இன்னொன்று எதிர் முனையில் வெறும் பிளாஸ்டிக் மூடி போட்டிருக்கும், சுற்றினால் சும்மா சுற்றும். அதுதான் லாக்ஷீல்டு வால்வு. பலர் அதை அலங்காரம் என்றே நினைத்திருக்கிறார்கள். மூடியை இழுத்துக் கழற்றினால் உள்ளே பித்தளைத் தண்டு, சின்ன ஸ்பேனரால் திருப்பலாம். வேலையைத் தொடங்கும் முன் ஒவ்வொன்றும் எத்தனை சுற்றில் மூடுகிறது என்று எண்ணிக் குறித்துவையுங்கள், திரும்பப் பழைய நிலைக்கு வர அது வேண்டும். அப்புறம் எல்லாவற்றையும் முழுக்கத் திறந்துவிட்டு, ஆறிய நிலையிலிருந்து பாய்லரைப் போட்டு, எந்த ரேடியேட்டர் முதலில் சூடாகிறது, எது கடைசி என்று வரிசை எழுதுங்கள்.

முதலில் சூடானதிலிருந்து தொடங்குங்கள். லாக்ஷீல்டை முழுக்க மூடி, கால் சுற்று திறங்கள். கால் மணி நேரம் பொறுங்கள். உள்ளே வரும் பைப்புக்கும் வெளியே போகும் பைப்புக்கும் பத்திலிருந்து பதினைந்து டிகிரி வித்தியாசம் இருந்தால் சரி. அதற்கும் அதிகமாக இருந்தால் இன்னும் கொஞ்சம் திறக்க வேண்டும், குறைவாக இருந்தால் கொஞ்சம் மூட வேண்டும். துப்பாக்கி மாதிரி நீட்டி அளக்கிற இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் வைத்திருப்பவர்கள் பைப்பில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு சுற்று ஒட்டி அதன் மேல் அளக்க வேண்டும். பளபளக்கிற செம்பிலும் குரோமிலும் அது தப்பான எண்ணைக் காட்டும். கடைசி ரேடியேட்டரின் வால்வு முழுக்கத் திறந்தே இருக்கட்டும். ஒன்றைத் தொட்டால் மற்றது மாறும் என்பதால் இரண்டாவது சுற்றும் வர வேண்டியிருக்கும். அவசரப்பட்டால் அமையாத வேலை இது. பகல் பொழுது ஒன்றை இதற்கே ஒதுக்கிவிடுங்கள். முடிந்ததும் ஒவ்வொரு வால்வும் எத்தனை சுற்று திறந்திருக்கிறது என்று ஒரு டேப்பில் எழுதி ரேடியேட்டரின் பின்னால் ஒட்டிவிடுங்கள், அடுத்து வருகிற பிளம்பர் எல்லாவற்றையும் திருப்பிவிட்டுப் போனாலும் மீட்டுக்கொள்ளலாம்.

அடியில் மட்டும் சில்லென்று இருக்கிற ரேடியேட்டருக்கு இதெல்லாம் உதவாது, உள்ளே கறுப்புச் சேறு. சந்தேகமிருந்தால் அதிலிருந்து கொஞ்சம் தண்ணீரைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து, வெளியிலிருந்து ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். கறுப்புத் துகள் மீசை போல எழுந்து காந்தத்தின் பின்னாலேயே நகரும். அது மேக்னடைட், உங்கள் ரேடியேட்டரே கரைந்து வந்த இரும்பு. இரண்டு வால்வையும் மூடி ரேடியேட்டரைக் கழற்றி வெளியே கொண்டுபோய் ஹோஸ் பைப் வைத்து அடித்துக் கழுவுவதுதான் வழி. கம்பளத்தைச் சுருட்டிவிட்டு, இரு முனைகளையும் அடைத்துத் தூக்குங்கள், அந்தக் கறை போகாது. கழுவி மாட்டிய பிறகு துருத் தடுப்பு மருந்து சேர்க்க வேண்டும். நம் மலைத் தண்ணீர் பெரும்பாலும் மென்னீர். உப்புப் படிவது குறைவு என்று சந்தோஷப்படலாம், ஆனால் இரும்பை அரிக்கிற குணம் அதற்கு உண்டு.

சிலர் வருஷா வருஷம் சுற்றுத் தண்ணீரை முழுக்க வடித்துப் புதுத் தண்ணீர் நிரப்புகிறார்கள், சுத்தம் என்று நினைத்து. தயவுசெய்து வேண்டாம். பழைய தண்ணீரில் இருந்த ஆக்சிஜன் ஏற்கெனவே தீர்ந்து அது சாதுவாகிவிட்டது. புதுத் தண்ணீர் புது ஆக்சிஜனோடு வந்து துருவை மறுபடியும் தொடங்கிவைக்கும். பைப் பிளாஸ்டிக்காக இருந்தால் அது ஆக்சிஜன் தடுப்புப் படலம் உள்ள வகையா என்றும் விசாரியுங்கள். சாதாரணக் குடிநீர் பைப் சுவர் வழியாகவே காற்றின் ஆக்சிஜன் உள்ளே ஊறும். அதைப் போட்ட வீடுகளில் சேறு திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம் இதுதான்.

எல்லா ரேடியேட்டரும் ஒன்றுபோலச் சுட்டும் ஒரு அறை மட்டும் குளிர்ந்தால் ரேடியேட்டரை விட்டுவிட்டு அறையைப் பாருங்கள். பழைய பங்களாக்களில் கணப்புப் புகைபோக்கி மேலே திறந்தே இருக்கும், அறைச் சூடு அத்தனையும் அது வழியாகப் போய்விடும். நெருப்பு மூட்டாத நாளில் அதை அடைத்துவையுங்கள். ஜூலை மழையில் துணி காயாமல் ரேடியேட்டர் மேல் விரிப்பது நம் எல்லா வீட்டிலும் நடப்பது. ஈரத்துணி போர்த்திய ரேடியேட்டர் அறைக்குச் சூடு தராது, ஈரத்தைத்தான் தரும்.

இவ்வளவும் பார்த்த பிறகு, அச்சு விடுபடவே இல்லை அல்லது காயில் எரிந்துவிட்டது என்றால் பம்ப்பை மாற்றத்தான் வேண்டும். கோயம்புத்தூரில் எந்த மோட்டாரையும் காயில் கட்டித் தருவார்கள், ஆனால் இந்த வகைப் பம்ப்பில் காயில் உலோக உறைக்குள் மூடியிருப்பதால் அது கட்டுப்படியாகாது, புதிதுதான். ஹெச்பி கேட்காமல், பழைய பம்ப்பின் தகட்டைப் போட்டோ எடுத்து அனுப்பி அதே அளவைக் கேளுங்கள். பம்ப்பைப் பைப்போடு சேர்க்கிற இரண்டு திருகு இணைப்புக்கு (யூனியன்) நடுவே உள்ள நீளத்தையும் அளந்து சொல்லுங்கள். 180 மில்லிமீட்டரும் உண்டு, 130ம் உண்டு, மாற்றி வந்தால் பைப்பை வெட்ட வேண்டியிருக்கும். உடம்பில் போட்டிருக்கிற அம்புக்குறி தண்ணீர் ஓடுகிற திசையில் இருக்கட்டும், மோட்டாரின் அச்சு படுக்கை வசத்தில் இருக்கட்டும். நிமிர்த்தி மாட்டினால் மேலே காற்று தேங்கி, பேரிங் காய்ந்துவிடும். வால்வுகளைத் திறந்து நடுத் திருகு வழியாகக் காற்றை வெளியேற்றிய பிறகே ஸ்விட்சைப் போடுங்கள். அதன்பின் வீட்டைப் பூட்டி வைக்கிற மாதங்களில் வாரம் ஒரு தடவை ஐந்து நிமிடம் பம்ப்பை மட்டும் ஓடவிடச் சொல்லி வீட்டைப் பார்த்துக்கொள்கிறவரிடம் சொல்லிவையுங்கள்.